கழுவிய சிறகு

விமானம் கழுவும் அந்த அப்பாவுக்கு வாயைத் திறந்தால் இறக்கைப் பேச்சுதான். "இறக்கை காத்தைக் கீழ தள்ளுது பாப்பா, காத்து இறக்கையை மேல தள்ளுது. அதுக்குக் காத்து இறக்கையை ஒட்டியே ஓடணும். அழுக்கோ பனியோ படிஞ்சா காத்து பிச்சுக்கிட்டுப் போயிடும். அப்புறம் எங்க எழும்புறது?" எட்டு வயது மகள் அதை வகுப்பு முழுக்க ஒப்பிப்பாள். விமானி ஓட்டலாம், பொறியாளர் பார்க்கலாம். பறக்க வைப்பது தன் துடைப்பம்தான் என்று மனிதருக்கு நினைப்பு. நினைப்புதான் பிழைப்பைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மகள் ஒரு காட்டு வாத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். லாரி பட்டறைச் சாக்கடையில் கிடந்ததாம். ஒரு சிறகு முழுக்கக் கறுப்பு கிரீஸ்.

"அப்பா, இதால பறக்க முடியல. நீங்க கழுவி விடுங்க."

"பூ, இவ்வளவுதானா!" என்று சட்டைக் கையை மடித்தார். அரைகுறை வேலை அவருக்கு ஆகாது. வேலையிடத்துச் சோப்பை எடுத்து, அழுக்குப் பட்ட இடம் படாத இடம் பார்க்காமல், உச்சி முதல் வால் வரை நுரை பொங்கத் தேய்த்தார். துடைத்து வெயிலில் காட்டியதும் பளபளவென்று வந்தது. இருவரும் குளத்துக்குப் போனார்கள்.

"இப்ப பாரு, தண்ணி மேல ஓடி வேகம் எடுக்கும்."

தண்ணீரில் விட்ட வாத்து நாலு தரம் சிறகடித்தது. எழும்பவில்லை. மிதக்கவும் இல்லை. முதுகு நனைந்து, கழுத்து மட்டும் வெளியே தெரிந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கித் தூக்கினார். நனைந்த துண்டைப் போல் கனத்தது.

கால்நடை மருத்துவருக்குப் போன் போட்டார்.

"எதுல கழுவுனீங்க?"

"பிளேன் கழுவுற சோப்புல, டாக்டர். நல்லா அழுத்தித் தேச்சேன்."

"அடக் கடவுளே! இறகோட இழை ஒவ்வொண்ணும் சின்னக் கொக்கியால பக்கத்து இழையோட மாட்டியிருக்கும். அதனாலதான் காத்தும் ஊடே போகாது, தண்ணியும் போகாது. அதுமேல எண்ணெய் வேற பூசி வச்சிருக்கும். நீங்க எண்ணெயையும் எடுத்து, கொக்கியையும் கலைச்சுட்டீங்க."

"இப்ப என்ன செய்யணும்?"

"குளிர் ஏறாம வச்சுக்குங்க. நான் வர ஒரு மணி நேரமாகும்."

சட்டைக்குள் விட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். வாத்து வெடவெடவென்று நடுங்கியது. கையைப் பிசையக்கூட வழியில்லை, கைக்குள் அது இருந்தது. எத்தனை பெரிய விமானத்தின் இறக்கைக்கும் அஞ்சாத மனிதருக்கு அழுகை முட்டியது. மகள் வாத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா! நடுக்கம் நின்னுடுச்சு! நீங்க சரி பண்ணிட்டீங்க!"

அவர் உள்ளங்கைக்குக் கீழே துடித்துக்கொண்டிருந்த சின்ன நெஞ்சும் நின்றிருந்தது. சட்டையின் இன்னொரு பொத்தானையும் போட்டுக்கொண்டார்.