முக்கால் கிளாஸ்

…நிறைய ஊற்றுங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், அதற்குள் பரிமாறுகிற பக்கிரிசாமி, "தே தாரேக், முக்கால் கிளாஸ், தெரியும்க்கா" என்று தானே சொல்லிக்கொண்டு போய்விட்டார், போகிற வேகத்தைப் பார், என் ரகசியத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகிற மாதிரி… ரகசியமாம் ரகசியம், டத்தோ கிராமாட் ரோட்டில் இந்தக் கடையில் எத்தனை வருடமாக இழுத்து ஆற்றிய பால் தேத்தண்ணீர் முக்கால் கிளாஸ் கேட்கிறேன், எட்டா, ஒன்பதா, ஏன் என்று ஒரு நாளாவது அவர் கேட்டதுண்டா, சர்க்கரை வியாதி என்று நினைத்திருப்பார், இல்லாவிட்டால் கஞ்சம் என்று, முழுக் காசு கொடுத்து முக்கால் குடிக்கிற கஞ்சம் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சனிக்கிழமை, மணி பன்னிரண்டரை, நாசி கண்டார் சோற்றுக்குக் கூட்டம் வாசல் வரை நிற்கிறது, நல்லதுதான், கூட்டம் வேண்டும் என்றுதானே இந்த நேரத்தில் வந்தேன். ஒன்றேகாலுக்கு மகள் சந்திரிகா பாயான் லெப்பாஸ் பஸ்ஸில் வந்து இறங்குவாள், இரண்டு பேருமாகப் பினாங்கு ஸ்திரீட்டுக்குப் போய் அவளுடைய கூறைச் சேலைக்கு ரவிக்கைத் துணி எடுக்க வேண்டும், அவள் வருவதற்குள் நான் செய்து முடிக்க வேண்டியது ஒன்றே ஒன்று, விளிம்பு வரை நிறைந்த கிளாஸை ஒற்றைக் கையால், இத்தனை பேர் பார்க்கத் தூக்க வேண்டும், நடுங்கினால் நடுங்கட்டும், சிந்த வேண்டும், துடைக்கக் கூடாது. சிந்தினால் பரவாயில்லை என்பதல்ல, சிந்தியே ஆக வேண்டும். பரிசோதனை எண் ஐந்து.

பைத்தியக்காரி என்பார்கள், சொல்லட்டும், மூன்று வாரத்தில் மகளுக்குக் கல்யாணம், வேலையற்றவள் போலக் கடையில் தேத்தண்ணீரைக் கொட்டிப் பழகுகிறாள் என்று. போன ஞாயிறு கமலாம்பிகை அக்கா வந்திருந்தார், என் புருஷனுடைய அண்ணர் பெண்சாதி, சாய்வு நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்தபோதே தெரிந்தது ஏதோ இருக்கிறதென்று, "வள்ளி, ஒண்டும் நினையாதையும்" என்று தொடங்கினார், நாம் நினைத்து நினைத்துக் குமைய வேண்டியதைச் சொல்லப் போகிறவர்கள்தான் அப்படித் தொடங்குவார்கள், "உமக்குக் கை நடுங்குமல்லோ, வீடியோவும் எடுக்கினம், நானும் இவரும் மணவறையில இருந்து தாரை வாக்கிறம், ஆக்கள் ஒண்டும் கதைக்க மாட்டினம்." தகப்பன் மகளின் கையை எடுத்து மாப்பிள்ளை கையில் வைக்க, தாய் அந்தக் கைகளின் மேல் செம்பால் தண்ணீர் வார்க்க வேண்டும், ஒரு நிமிட வேலை, அந்த ஒரு நிமிடத்துக்கு நான் வேண்டாமாம், தாய் தகப்பன் இல்லாத பெண்ணுக்குத்தான் பெரியப்பாவும் பெரியம்மாவும் தாரை வார்ப்பார்கள், நான் என்ன செத்தா போய்விட்டேன்? என் புருஷனைப் பார்த்தேன், அம்பிகைபாகன் என்று பெயர், பெயரில் மட்டும் பாதி இடம், பத்திரிகையை இறக்காமலே, "அக்கா சொல்லுறதும் சரிபோலத்தான் கிடக்கு" என்றார். நான் எழும்பிக் குசினிக்குப் போய் அடுப்பு முன்னால் நின்றுகொண்டேன், அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். இல்லை, சம்மதமில்லை, அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், சொல்லத்தான் போகிறேன்.

எல்லாம் எழுபத்தொன்பதில் வந்த வினை. கமலாம்பிகை அக்காவின் மகள் கல்யாணம், தண்ணீர்மலைக் கோயில் மண்டபம், நானும் மாப்பிள்ளை வீட்டு அம்மா ஒருவரும் ஆலாத்தி எடுக்க நின்றோம், தட்டில் வாழைப்பழத் துண்டுகள், அவற்றில் செருகிய திரிகள் எரிந்துகொண்டு… யாரோ பின்னாலிருந்து "கை ஏன் இப்படி ஆடுது" என்றார்கள், அதுவரை ஆடியதா, இல்லையா, எனக்கு இன்றைக்கும் தெரியாது, சொன்ன பிறகு ஆடியது, ஒரு துண்டு திரியோடு உருண்டு பாயில் விழுந்தது, கால்பெருவிரல் அளவுக்குக் கருகிய ஓட்டை, அவ்வளவுதான், ஆனால் ஒரு குரல் "அபசகுனம்" என்றதே, அந்தக் குரல் பன்னிரண்டு வருடமாக என் மணிக்கட்டில் குடியிருக்கிறது. தனியாக இருந்தால் ஊசியில் நூல் கோத்துவிடுவேன், பள்ளிக்கூடக் கந்தோரில் யாரும் பக்கத்தில் நிற்காவிட்டால் முத்துப் போல எழுதுவேன், தலைமையாசிரியர் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றால் போதும், கையெழுத்து கோழி கிளறினது போலாகிவிடும், ஆகவே படிவங்களை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கையெழுத்திடுவது, கல்யாண வீடுகளில் வயிற்றுவலி, பலகாரத் தட்டு நீட்டினால் விரதம்… இருக்காத விரதமெல்லாம் இருந்திருக்கிறேன், அந்தக் கணக்கில் முருகன் எனக்குக் கைலாசமே எழுதித் தர வேண்டும்.

டாக்டர் நரம்பில் குறையில்லை என்று குளிசை எழுதினார், குளிசை போட்டால் கை ஆடவில்லை, நானே ஆடினேன், தூக்கத்தில் நடந்தேன். ஒரு மாமி நூல் கட்டச் சொன்னார். இன்னொருவர், எனக்குக் கேட்காது என்று நினைத்து, "இப்படியே விட்டால் தஞ்சோங் ரம்புத்தானிலதான் போய் நிக்கும்" என்றார், இந்த நாட்டில் மனசு என்று வாயெடுத்தாலே அந்த ஆஸ்பத்திரி ஊருக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அப்புறம்தான் அந்தப் புத்தகம், லைட் ஸ்திரீட் நூலகத்தில், இங்கிலீஷில், பயத்தைப் பற்றி, இரண்டு சமையல் புத்தகங்களுக்கு நடுவில் சொருகிக்கொண்டு போய் நின்றேன், திருட்டுப் பொருள் போல. முத்திரை குத்துகிற நோர்மா அதை மட்டும் வெளியே இழுத்துப் பார்த்து, "இனி புக்கு பாகுஸ், காக்" என்று மலாயில் சொன்னாள், நல்ல புத்தகமாம், சத்தமாக வேறு, அவளும் படித்தாளாம், அவளுக்கு லிஃப்ட் பயமாம். நான் நான்கு தடவை திரும்பத் திரும்ப எடுத்தேன். அதில் இருப்பது பெரிய மந்திரமில்லை, நீ நினைப்பதெல்லாம் உண்மையில்லை, எழுதிப் பார், சோதித்துப் பார், அவ்வளவுதான். அட்டையில் 555 போட்ட கைக்குள் அடங்கும் நோட்டு ஒன்று வாங்கி மூன்று கட்டம் கோடு போட்டேன், கட்டம் போடுவதில் என்னை வெல்ல ஆளில்லை, இருபத்திரண்டு வருடக் கிளார்க்கு. முதல் கட்டம், என்ன நடக்கும் என்று பயப்படுகிறாய். இரண்டாவது, எத்தனை சதவீதம் நம்புகிறாய். மூன்றாவது, என்ன நடந்தது. முதல் பக்கத்திலேயே அந்த அபசகுனத்தை எடுத்துப் போட்டேன்: பெண் வாழமாட்டாள், தொண்ணூற்றைந்து சதவீதம், நடந்தது, மூன்று பிள்ளை, கெப்பாலா பத்தாஸில் மாடி வீடு, புருஷன் பெண்சாதி இருவரும் வாசலில் சேர்ந்து நுழைய முடியாத பருமன். எழுதிவிட்டு நானே சிரித்தேன், பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவை.

வந்துவிட்டது. முக்கால் கிளாஸ், பீங்கான் தட்டில், பக்கிரிசாமி எப்போதும் போல என் வலது கைக்கு நேராக வைக்கிறார். சொல்லு, இப்போது சொல்லாவிட்டால் மண்டபத்திலும் சொல்லமாட்டாய். "அண்ணே, நிறைய வேணும், விளிம்பு வரை." அவர் என்னைப் பார்த்தார், கிளாஸைப் பார்த்தார், "முழுசாவாக்கா?" என்றார், ஏதோ நான் ஆனை கேட்டுவிட்டது போல, ஆமாம், முழுசாக, எனக்கென்ன வாய் முக்காலா? கொண்டுபோய் நிறைத்து வந்தார், நுரை விளிம்புக்கு மேலே எழும்பி நிற்கிறது. நோட்டில் ஏற்கெனவே எழுதியாகிவிட்டது, எல்லோரும் பார்ப்பார்கள், யாராவது ஏதாவது சொல்வார்கள், எழும்பி ஓடுவேன், தொண்ணூறு சதவீதம். எதிர் மேசையில் பத்திரிகையோடு ஒரு சீனர், பக்கத்தில் கறிக்குழம்பைப் பிசைகிற இரண்டு ஆபீஸ் பையன்கள், கல்லாவில் முதலாளி ஷேக் அலாவுதீன். முழங்கையை மேசையில் ஊன்றாதே, அது உன் பழைய தந்திரம். இடது கையை மடியில் வை. தூக்கு… காதில் கடல், தட்டை விட்டுக் கிளம்பும்போது கிளாஸ் கிணிகிணியென்று அடிக்கிறது, ஊருக்கே மணி அடிக்கிறாயே வள்ளிநாயகி, அடி, நன்றாக அடி, கை தானாக ஆடுகிறது, அதற்கு மேல் நான் வேண்டுமென்றே ஆட்டுகிறேன், இந்தா, இன்னும் கொஞ்சம், போதுமா என்று, சிந்துகிறது, விரலில், தட்டில், மேசையில், மேசையிலிருந்து ஓடி என் சேலைக் கொசுவத்தில், சுடுகிறது, வாய்க்குக் கொண்டுபோய் ஒரு வாய் குடித்தேன், கீழே வைத்தேன். துடைக்கவில்லை. கைக்குட்டை பைக்குள் கிடந்து கூப்பிடுகிறது, கிட.

என்ன நடந்தது? சீனர் தலையைத் தூக்கிப் பார்த்தார், தேத்தண்ணீர் தன் பக்கம் வருகிறதா என்று பார்த்துப் பத்திரிகையை நாலு விரற்கடை நகர்த்தினார், திரும்பவும் குதிரைப் பந்தயத்துக்குள் போய்விட்டார். பையன்கள் நிமிரவே இல்லை, மீன் தலை அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. ஷேக் அலாவுதீன் கல்லாவிலிருந்தே, "பக்கிரி, அங்க மேசையைத் தொடைச்சு விடு" என்றார், மழை பெய்கிறது என்பது போல. இவ்வளவுதானா? இவ்வளவுக்குத்தானா பன்னிரண்டு வருடம்? சந்தோஷம் வர வேண்டும், புத்தகத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது, எனக்குக் கோபம்தான் வருகிறது, எத்தனை கல்யாணம், எத்தனை பலகாரத் தட்டு… உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும், ஒருவர் பார்த்தார், ஒருவர் சொன்னார், நான் ஓடவில்லை. இன்னொன்று, கை நடுக்கம் நிற்கவில்லை. அதையும் எழுதினேன். நிற்கும் என்று அந்தப் புத்தகம் எந்த இடத்திலும் சொல்லவில்லை, தேடித் தேடிப் பார்த்துவிட்டேன், நடுங்கிக்கொண்டே செய் என்றுதான் சொல்கிறது. பக்கிரிசாமி துணியோடு வந்தார், இருக்கட்டும் அண்ணே என்றேன், இன்னொன்று கொண்டுவாருங்கள், அதுவும் முழுசாக.

இரண்டாவது கிளாஸ் ஆறிக்கொண்டிருக்கும்போது சந்திரிகா வந்தாள், வேர்த்து, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "லேட்டாயிருச்சாம்மா, பாலம் பக்கத்துல ஒரே ஜாம்லா" என்று எதிரே உட்கார்ந்தாள், மேசை ஈரத்தைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை, கேட்காமல் இருக்க என் மகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பக்கிரிசாமி அவளுக்கும் கொண்டுவந்து வைத்தார், யாரும் சொல்லவில்லை, முக்கால் கிளாஸ், "பாப்பாவுக்கும் அம்மா மாதிரிதான்" என்று சிரித்துக்கொண்டு. அவள் எடுத்தாள். இரண்டு கையாலும். முழங்கை இரண்டையும் மேசையில் ஊன்றி, தலையைக் குனிந்து, கிளாஸைத் தூக்காமல் வாயைக் கொண்டுபோய்… இது நான், இது அப்படியே நான், அவள் கையைப் பார்த்தேன், விரல்களைப் பார்த்தேன், ஒரு துளி நடுக்கம் இல்லை, கல் போல நிற்கிறது. "எப்பயிருந்து நீ இப்பிடிப் பிடிக்கிறாய்?" "எப்பிடி?" "ரெண்டு கையால." அவள் கிளாஸைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "இப்படித்தானேம்மா குடிக்கணும், நீங்க அப்படித்தானே குடிப்பீங்க, அதான் மரியாதைனு நெனச்சேன்." மரியாதை! நடுக்கத்தை யாருக்கும் காட்டாமல் ஒளித்தேன் என்று இருந்தேன், ஒளித்ததை அல்லவா பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறேன், ஒளிக்கிறதற்கு ஒன்றுமே இல்லாத பிள்ளைக்கு. இந்தப் பயத்தை நான் எந்தக் கட்டத்திலும் எழுதவில்லையே.

அதோடு விட்டாளா, கிளாஸுக்குள் பார்த்துக்கொண்டே, "பெரியம்மா என் ஆபீஸுக்கு போன் பண்ணாங்கம்மா, தாரை விஷயமா, நான் ஓகே சொல்லிட்டேன், உங்களுக்குக் கஷ்டமா இருக்க வேணாமேன்னு" என்றாள். இவளுமா. அன்போடுதான் சொல்கிறாள், அதுதான் தாங்கவில்லை, எல்லோரும் அன்போடுதான் என்னைக் குசினிக்கு அனுப்புகிறார்கள். ஆத்திரத்தில் கண் கலங்கியது, கலங்கட்டும், முழுக் கிளாஸை ஒற்றைக் கையால் தூக்கினேன், அவள் முகத்துக்கு நேரே, கிணிகிணி, சிந்தத் தொடங்கிவிட்டது, இந்தத் தடவை நான் ஆட்டவில்லை, தானாகத்தான். "சந்திரிகா, வடிவாப் பார். தாரை நான்தான் வார்ப்பன். கை நடுங்கும், உன்ர கூறையில தண்ணி படும், மாப்பிள்ளையின்ர வேட்டியிலயும் படும், வீடியோவிலயும் விழும். பெரியம்மாவுக்கு நீயே போன் பண்ணிச் சொல்லு." அவள் பதறி, "அம்மா, அம்மா" என்று கிளாஸைப் பிடிக்கக் கையை நீட்டினாள், "விடு, பிடியாதை" என்றேன், கொஞ்சம் சத்தமாகத்தான், பையன்கள் இப்போது நிமிர்ந்து பார்த்தார்கள், பாருங்களடா. அவள் கை பாதி வழியில் நின்றுவிட்டது. பன்னிரண்டு வருடமாக நான் பயந்தது சிந்துவதற்குத்தானா, அல்லது சிந்தியதும் யாராவது ஓடிவந்து இப்படிப் பிடித்துக்கொள்வார்களே, அதற்கா… தெரியவில்லை, எழுதிப் பார்க்க வேண்டும். மண்டபத்தில் அவளால் என்னைப் பிடிக்க முடியாது, அவள் கை கீழேதான் இருக்கும், விரித்து. இப்போதும் நீட்டிய கை தாழ்ந்து கீழேதான் இருக்கிறது, கிளாஸுக்கு நேர் கீழே, உள்ளங்கை மேலே பார்க்க, தேத்தண்ணீர் அதில் சொட்டுச் சொட்டாக விழுகிறது, அவள் இழுத்துக்கொள்ளவில்லை, நானும் கிளாஸை இன்னும் கீழே வைக்கவில்லை.