எழுத்துப் பிழை இல்லை

1

இந்தக் கதை எனக்குச் சொல்லப்பட்டதல்ல. காக்லியாரி என்னும் தீவு நகரத்தில் நான் வேலை பார்க்கும் ரத்த ஆய்வகத்தில், காபி இயந்திரத்தின் பக்கத்தில், என்னோடு வேலை பார்க்கும் பொனாரியா அதைச் சக ஊழியன் கவீனோவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் சர்க்கரை தேடுவதுபோல் நின்று கேட்டேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "நீலக் கடல் சூழ்ந்த அந்தத் தீவில்..."

அடித்துவிட்டேன். கடல் யாருக்கும் ஒன்றும் செய்யவில்லை.

இரண்டாவது முயற்சி: "பொனாரியா தன் மரபணுவைத் தானே படித்தாள்."

இது இருக்கட்டும்.

2

இங்கே கல்யாணம் பேசும்போதே ரத்தம் பார்ப்பார்கள். தலசீமியா என்ற ரத்த நோய்க்கான மரபணுப் பிழை தாய், தகப்பன் இருவரிடமும் இருந்தால், பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்க அடுத்தவர் ரத்தம் ஏற்ற வேண்டிவரலாம். பொனாரியாவின் கணவன் எபிசுக்குப் பிழை உண்டு. அவளுக்கு லேசான சோகை மட்டும்தான். இரும்புச்சத்துக் குறைவு என்றார் டாக்டர். அவள் நம்பவில்லை. ஆய்வகத்தில் இதுதானே அவள் வேலை. தன் ரத்தத்தை எடுத்து, சிவப்பணுவுக்கான மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்தாள். ஒரு பிழையும் இல்லை. "சுத்தம்" என்று எபிசிடம் சொன்னாள். அவள் சுத்தம் என்பதால், வயிற்றிலிருந்த கிரேக்காவை யாரும் சோதிக்கவில்லை.

ஒரு வயது ஆகுமுன்பே கிரேக்கா வெளிறிப்போனாள்.

மாமியார் அசுந்தா வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. "உன் பரீட்சைய நீயே எழுதி நீயே மார்க் போட்டுக்கிட்ட. ஆட்டுப்பால்ல தண்ணி ஊத்துறவன்கூட ருசி பாக்க அடுத்தவன்கிட்டதான் குடுப்பான்."

"அப்ப நீங்க வந்து படிச்சிருக்கலாமே, அத்தை."

"எனக்குப் படிக்கத் தெரியாது. அதனாலதான் நான் யாரயும் ஏமாத்தல."

(அசுந்தாவைக் கொடுமைக்காரியாக எழுத ஆசைப்பட்டேன். ஆனால் பேத்திக்கு ரத்தம் ஏற்றும் ஒவ்வொரு நாளும் கட்டில் பக்கத்தில் உட்காருபவள் அவள்தான்.)

3

இனி கொஞ்சம் விளக்கம். தாண்டிப் போக நினைப்பவர்கள் போகலாம். ஆனால் இதில்தான் கதை இருக்கிறது.

மரபணு நூல் விரித்துப் போட்ட புத்தகம் இல்லை. புரத உருண்டைகளில் இறுகச் சுற்றிய நூல்கண்டு அது. சுற்று தளர்ந்த இடத்தைத்தான் செல் படிக்கும். சிவப்பணுவுக்கான மரபணுக்கள் வரிசையாக நிற்கின்றன: கருவுக்கு, வயிற்றில் வளரும் சிசுவுக்கு, பிறந்த பிள்ளைக்கு என்று. அவற்றுக்கு வெகு தூரத்தில் ஒரு துண்டு உண்டு. அது எதையும் தயாரிப்பதில்லை. சுற்றைத் தளர்த்தி, நூலை வளைத்து, முறை வந்த மரபணுவைத் தொட்டு எழுப்பும். அவ்வளவுதான் அதன் வேலை.

பொனாரியாவின் இரண்டு பிரதிகளில் ஒன்றில் அந்தத் துண்டு இல்லை. அந்தப் பிரதிதான், எபிசின் பிழையோடு சேர்ந்து, கிரேக்காவுக்குப் போனது. மரபணு அப்படியே இருக்கிறது, ஒரு எழுத்துகூட மாறாமல். யாரும் திறக்காததால் சுருண்டு கிடக்கிறது. அவள் படித்தது சரி. படிக்க வேண்டிய இடம்தான் வேறு.

(எங்கள் வீட்டில் மூன்று பெண்கள், மூவருக்கும் ஒரே மூளை. கல்லூரி வாசலை மிதித்தது நான் மட்டும். "உன் அக்காங்களுக்குப் படிப்பு ஏறல" என்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏறவில்லையாம். யார் திறந்தார்கள்?)

4

பொனாரியாவை அழவைக்கப் பார்த்தேன். மூன்று தடவை எழுதியும் அவள் அழ மறுத்தாள்.

இப்போது அவள் மறுபடி கர்ப்பம். இந்தத் தடவை எங்கே தேட வேண்டும் என்று தெரியும். கருவிலிருந்து எடுத்த துளி கவீனோவின் மேசையில் இருக்கிறது.

"நீ கிட்ட வராத. நான் பாத்துச் சொல்றேன்."

"உனக்குக் காபிகூடப் போடத் தெரியாது."

"இங்க காபிய மெஷின்தான் போடுது."

"அதான் குடிக்க முடியுது."

கவீனோ சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "கெட்டதா வந்துச்சுன்னா?"

"கலைச்சிடலாம்னு எபிசும் நானும் பேசி வச்சிட்டோம். இன்னொரு பிள்ளைய அந்தக் கட்டில்ல என்னால படுக்கவைக்க முடியாது, கவீனோ."

5

கிரேக்காவுக்கு ஏழு வயது. ரத்தப் பை பாதி இறங்கியிருக்கிறது.

"உன் வயித்துல எதுக்கும்மா ஊசி குத்துனாங்க?"

"பாப்பாவுக்கு உனக்கிருக்கிறது இருக்கான்னு பாக்க."

"இருந்தா?"

பொனாரியா போர்வையைச் சரிசெய்தாள்.

"நான் உள்ள இருந்தப்ப என்னயும் பாத்தியா?"

இங்கே மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் கவீனோ நல்ல செய்தியோடு ஓடிவருகிறான். அது பாப்பாவுக்கான பதில். கிரேக்கா கேட்டது வேறு. இன்னொன்றில் பொனாரியா, "பாத்தேன்டி, நீதான் வேணும்னு சொன்னேன்" என்கிறாள். இனிக்கிறது. ஆனால் இந்தப் பெண் வளர்ந்து எல்லாவற்றையும் படிப்பாள்.

மூன்றாவது: "இல்லடி, பாக்கல. பாத்திருந்தா

இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. அவள் உயிரோடு இருப்பதே அம்மாவின் பிழையால்தான் என்று எப்படி எழுதுவது? எழுதாமல் எப்படி விடுவது?

கவீனோ வார்டு வாசலுக்கு வந்துவிட்டான். அவனை அங்கேயே நிறுத்தி வைத்திருக்கிறேன். எனக்கு இருக்கும் அதிகாரம் அவ்வளவுதான். கிரேக்கா அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

நீங்கள் சொல்லுங்கள்.