அம்சவல்லியின் ஆறு டப்பாக்கள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இதைக் கதையாக எழுத நான் உட்காரவில்லை. அறிவியல் எப்படி நடக்கிறது என்று எல்லாருக்கும் புரியும்படி சொல்லும் ஒரு புத்தகம். அதில் உயிரியல் பற்றிய ஏழாம் அத்தியாயம் இது. முதல் ஆறும் அச்சகத்துக்குப் போய்விட்டன. ஏழாவதை விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் உட்கார்ந்து சம்பந்தப்பட்ட இருவருக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் ஒருவர் குறுக்கே பேசினார். அத்தோடு அத்தியாயம் போயிற்று, இது வந்தது.

இருபத்திரண்டு வருடங்களாக எழுதுகிறேன். நான் எழுதியதைப் படித்துக் காட்டி உலகத்தில் ஒரு துரும்பு அசைந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அசைந்தது. அந்தப் படபடப்பு இன்னும் அடங்கவில்லை, வாக்கியங்கள் முன்பின்னாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

முதலில் எழுதிய தொடக்கம்:

"வெண்ணிற ஆய்வகத்தில் நுண்ணோக்கியின் மேல் குனிந்திருந்தாள் சபா. அவள் விழிகளில்

நிறுத்திவிட்டேன். சபா வேலை பார்க்கும் கல்லூரியின் நுண்ணோக்கியில் லென்ஸ் முழுக்கப் பூஞ்சை. (நுண்ணுயிரியல் துறைக்கு வேறு எந்த வியாதி வரும்?)

இரண்டாவது தொடக்கம்:

"மண்ணுக்கும் உயிர் உண்டு என்று நம் முன்னோர் அன்றே

முன்னோர் யாரும் என்னிடம் அப்படிச் சொல்லவில்லை. அடித்தாயிற்று.

மூன்றாவது, நடந்தது: சபா தன் அம்மா சம்சாத் பேகத்தின் பெரிய குக்கரைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போனாள். அதில் மண்ணை வேகவைத்தாள். "இனிமே அதுல நான் பருப்பு வேக வெக்க மாட்டேன், நீயே வெச்சுக்க" என்று அம்மா சொல்லிவிட்டார்.

3

சபாவுக்கு இருபத்தெட்டு வயது. தனியார் கல்லூரியில் நுண்ணுயிரியல் சொல்லித் தருகிறாள். கணவர் இஜாஸ் சவூதியில், தம்மாமில் இருக்கிறார். இருவருக்கும் ஒரு பேச்சு: ஜூன் மாதத்துக்குள் முனைவர் பட்டத்துக்கு இடம் கிடைத்தால் அவள் படிப்பாள், கிடைக்காவிட்டால் விமானம் ஏறுவாள். அவளுக்குப் படிக்க வேண்டும். அதை அவள் என்னிடம் மூன்று முறை சொன்னாள், மூன்று முறையும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

அவள் எடுத்துக்கொண்ட கேள்வி இந்த ஊருடையது. பட்டறைகளில் குழைத்த மண்ணை உடனே வேலைக்கு எடுக்க மாட்டார்கள். ஈரத்தோடு மூடி வாரக்கணக்கில் போட்டுவைப்பார்கள். புளித்த வாடை வரும். அப்புறம்தான் அது கீறல் விழாமல் வளையும். ஏன்? மண்ணுக்குள் பெருகும் நுண்ணுயிர்கள்தான் காரணம் என்பது சபாவின் ஊகம்.

ஊகத்தை வைத்துக்கொண்டு ஊரில் பேசலாம், நிரூபிக்க முடியாது. எனவே பன்னிரண்டு டப்பாக்கள், எல்லாவற்றிலும் ஒரே குவியலில் எடுத்த மண். ஆறில் அப்படியே. மற்ற ஆறில், குக்கரில் மூன்று நாள் திரும்பத் திரும்ப வேகவைத்து உயிரையெல்லாம் கொன்ற மண். எந்த எண்ணில் எது என்பது சபாவின் டைரியில் மட்டும். நாற்பது நாள் பட்டறையின் மூலையில் மூடிக் கிடக்க வேண்டும். அப்புறம் ஒவ்வொன்றின் மண்ணையும் திரி போல உருட்டிக் கட்டைவிரலில் சுற்றிப் பார்க்க வேண்டும். உருட்டுபவருக்கு எது வெந்த மண் என்று தெரியக் கூடாது.

உருட்டியவர் அம்சவல்லி, அந்தப் பட்டறையில் மண் குழைப்பவர். பன்னிரண்டு திரியும் லாவகமாக வளைந்தன. ஒன்றிலும் கீறல் இல்லை.

உயிர் இல்லாத மண்ணும் வளைகிறது என்றால் ஊகம் தோற்றது. சபா அழுதாள், பிறகு அதையே கட்டுரையாக எழுதினாள்: என் ஊகத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஒரு கருத்தரங்கில் அதை ஏற்றுக்கொண்டார்கள். தோல்வியை மறைக்காமல் எழுதிய நேர்மைக்காகவே ஒரு பேராசிரியர் அவளை முனைவர் பட்ட நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார். வியாழக்கிழமை, பத்தரை மணி.

எனக்கு இதைவிட நல்ல அத்தியாயம் எங்கே கிடைக்கும்? கரும்பு தின்னக் கூலியா என்று எழுதிக் குவித்தேன்.

4

அம்சவல்லி விஷயத்தில்தான் தடுமாறினேன். வரைவில் அவரை "எழுத்தறியாதவர், ஆனால் மண்ணின் மொழி அறிந்தவர்" என்று எழுதியிருந்தேன். கம்மாபுரத்திலிருந்து ஸ்கூட்டியில் வேலைக்கு வருபவர் அவர். படித்துக் காட்டும்போது அந்த வரியிலேயே நிறுத்தினார்.

"நான் பிளஸ் டூ சார். பயாலஜில எரநூறுக்கு நூத்தி நாப்பத்தொண்ணு."

"மன்னிச்சுக்குங்க."

"மண்ணு மொழியெல்லாம் பேசாது சார். பேசுனா வேல செய்ய முடியாது."

(அந்த வரியை எடுத்துவிட்டேன். ஆனால் ஓர் எழுத்தாளனுக்கு அப்படி ஒரு வரி எவ்வளவு சுலபமாக வருகிறது பாருங்கள். நூற்று நாற்பத்தொன்று வாங்கிய பெண்ணைப் பார்க்காமலே எழுதியிருக்கிறேன்.)

5

மேலே படித்தேன். "அந்த ஆறு டப்பாக்களில் நாற்பது நாளும் ஓர் உயிர்கூட இல்லை."

"இருந்துச்சே," என்றார் அம்சவல்லி. ஒரு கோப்பையின் விளிம்பை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். தலையைக்கூடத் தூக்கவில்லை.

சபா திரும்பினாள். "என்னாக்கா இருந்துச்சு?"

"உறை. நான்தான போட்டன்."

"எப்ப?"

"நீங்க வெச்சுட்டுப் போயி ஒரு பத்து நாள் இருக்கும். தொறந்து மோந்து பாத்தன். பாதி டப்பால நல்லா வாடை வந்துச்சு. பாதி ஒண்ணுமே இல்லாம கெடந்துச்சு. மேடம் உறை போட மறந்துட்டாங்கன்னு, அதுல மட்டும் பழைய மண்ணு ஒரு உருண்ட கிள்ளிப் போட்டு மூடுனன்."

"தொடக் கூடாதுன்னு சொன்னேனேக்கா."

"தொடலியே. உறைதான போட்டன்."

* இங்கே ஒரு குறிப்பு அவசியம். அந்தப் பட்டறையில் புது மண்ணை மூடிவைக்கும்போது போன தடவையின் பழைய மண் ஒரு பிடி போடாமல் மூட மாட்டார்கள். பாலுக்கு மோர் ஊற்றுவது போலத்தான். ராத்திரி பாலுக்கு உறை ஊற்றினேன் என்று நாம் யாரிடமாவது போய்ச் சொல்வோமா? அவரும் சொல்லவில்லை. வேலை தெரியாத ஒருவரிடம் டப்பாக்களை விட்டிருந்தால் சோதனை கெடாமல் பிழைத்திருக்கும்.

"உங்க பரீட்சைய நான் கெடுத்துட்டனா மேடம்?" என்று கேட்டபோது அம்சவல்லியின் குரல் இறங்கிவிட்டது.

சபா களிமண் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். கட்டுரை தவறு. உயிரற்ற மண் என்று அவள் எழுதிய ஆறு டப்பாவிலும் முப்பது நாளாக உயிர் கொழித்திருக்கிறது. எந்த நேர்மைக்காகக் கூப்பிட்டார்களோ அந்த நேர்மையான முடிவே பொய்யாகிவிட்டது. நானோ, உண்மையைச் சொல்கிறேன், உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன். ஊகம் தோற்கவே இல்லையே.

6

சபாவுக்கும் அது உறைத்திருக்க வேண்டும், சட்டென்று எழுந்தாள். "எந்தெந்த டப்பாக்கா?"

"மூணு. நாலு. ஏழு. பதினொண்ணு." யோசித்தார். "மத்த ரெண்டு ஞாபகம் இல்ல மேடம். சும்மா சொல்லக் கூடாது."

சபா டைரியைத் திறந்தாள். மூன்று, நான்கு, ஏழு, பதினொன்று. நான்கும் வெந்த மண்.

யாரும் சொல்லாமல், மூக்கை மட்டும் வைத்துக்கொண்டு அவர் கண்டுபிடித்திருக்கிறார். நான் "இதுதான் அறிவியல்" என்று கத்தி எழுந்தேன். (எழுந்ததில் ஒரு கோப்பை உடைந்தது.) சபா தாளில் கணக்குப் போட்டாள்.

"கண்ண மூடிக்கிட்டு நாலு நம்பர் சொன்னாலும் முப்பத்துமூணு தடவைல ஒரு தடவ இப்படிச் சரியா வரும் சார். அதும் இப்ப ஞாபகத்துலேர்ந்து சொல்றாங்க. இத வெச்சு எதும் எழுத முடியாது."

"அப்போ?"

"மறுபடியும் வெக்கணும்."

அம்சவல்லி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "இந்தவாட்டி வேக வெச்சு உறை போட்டதுன்னு தனியா ஒரு ஆறு வைங்க மேடம். அப்பதான் உறைதான் வேலை செய்யிதான்னு தெரியும்."

நூற்று நாற்பத்தொன்று யார் போட்ட மதிப்பெண் என்று எனக்குக் கோபமாக வந்தது. அன்று மாலையே பதினெட்டு டப்பாக்கள் என்று முடிவாயிற்று. புது நோட்டின் முதல் பக்கத்தில் சபா இரண்டு பெயர் எழுதினாள், இரண்டாவது அம்சவல்லியுடையது.

பதினெட்டையும் திறக்க நாற்பது நாள் ஆகும். நேர்முகத் தேர்வுக்கு இருந்தது மூன்று நாள்.

7

இந்தப் பகுதியை விட்டுவிடலாமா என்று பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது. எழுதுகிறேன்.

"வியாழக்கெழம வரைக்கும் வெளிய சொல்லாதீங்க. யாருக்குத் தெரியப்போவுது? இடம் கெடைக்கட்டும், அப்புறம் திருத்திக்கலாம்" என்று சொன்னது நான்தான்.

அம்சவல்லியும், "நான் வாயே தெறக்கலன்னு வெச்சுக்கங்க மேடம்," என்றார்.

"தெறந்துட்டீங்களேக்கா," என்று சபா சிரித்தாள். பிறகு என்னிடம் கேட்டாள். "ஆறாவது அத்தியாயத்துல என்னா சார் எழுதியிருக்கீங்க?"

தனக்கு எதிரான சான்றைத் தானே முதலில் தேடிப் போகிறவர்தான் அறிவியலாளர் என்று எழுதியிருக்கிறேன். அது அச்சாகிக்கொண்டிருக்கிறது.

மறுநாள் காலை கருத்தரங்குக்காரர்களுக்கு மூன்று வரி அஞ்சல் அனுப்பினாள்: கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன். காரணத்தோடு.

இனி முடிவுகள். வியாழக்கிழமை இன்னும் வரவில்லை, அதற்குள் மூன்று எழுதினேன்.

(அ) தேர்வுக் குழு எழுந்து நின்று கைதட்டுகிறது, இடம் கிடைக்கிறது. சபாவுக்குப் போனில் படித்தேன். "பாக்காமயே ரிசல்ட் எழுதுறீங்க சார்," என்றாள்.

(ஆ) இடம் இல்லை. விமான நிலையத்தில் பெட்டியோடு அவள் திரும்பிப் பார்க்கும்போது சம்சாத் பேகம்

இதை என்னால் முடிக்க முடியவில்லை. சம்சாத் பேகத்தை அழவைக்க எனக்கு மனம் வரவில்லை.

(இ) நாற்பதாம் நாள் பதினெட்டுத் திரிகளும் எப்படி வளைந்தன என்று. இது எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதினால் அம்சவல்லி என்னைப் பட்டறைக்குள் விட மாட்டார்.

8

ஆகவே நான் தேர்வு அறைக்கு வெளியே வந்துவிடுகிறேன். வியாழக்கிழமை, பத்தரை மணி. மேசைக்கு அந்தப் பக்கம், தேர்வுக் குழுவில் ஒருவராக இருப்பது நீங்கள். இருப்பது ஒரே இடம். வெளியே இன்னும் ஏழு பேர் காத்திருக்கிறார்கள். அவர்கள் கட்டுரைகளில் இதுவரை யாரும் தவறு கண்டதில்லை. கட்டுரையைத் திரும்பப் பெறும் அஞ்சல் அவளைக் கூப்பிட்ட பேராசிரியர் பார்வைக்கு இன்னும் வரவில்லை. அவர் சபாவின் கட்டுரையை உங்களிடம் தள்ளி, "நேர்மையான வேலை, படித்துப் பாருங்கள்," என்கிறார்.

சபா உட்காரவில்லை. "அந்தக் கட்டுரை தப்புங்க," என்கிறாள். "எப்படித் தப்பாச்சுன்னு சொல்லட்டுங்களா?"

வேண்டாம் என்றும் நீங்கள் சொல்லலாம். அவள் நின்றுகொண்டிருக்கிறாள்.