ஒன்பது புள்ளி ஆறு வோல்ட் பொறாமை

லோயர் கேம்ப் செக்போஸ்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஏலத்தோட்டத்து ஜீப்பின் பின்கதவு கழன்று விழுந்த அன்றுதான் ஒச்சாண்டிக்கு வயிறு எரியத் தொடங்கியது. அது 1986, புரட்டாசி மாதம். அதற்கு முன்னாலும் அவனுக்குச் சில்லறைப் பொறாமைகள் இருந்தன. ஆனால் அவையெல்லாம் சாப்பிட்டால் அடங்கிவிடும். இது சாப்பாட்டைத் தொட்டாலே கூடியது.

கம்பத்தில் பதினைந்து வருசமாக ஜீப் பட்டறை வைத்திருப்பவன் ஒச்சாண்டி. சேதி வந்ததும் கைப்பிடி சுற்றுகிற பழைய டிரில்லைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் பிடித்து லோயர் கேம்ப் போய் இறங்கினான். கதவுக்குப் புதுக் கீல் வைக்க வேண்டும்; அதற்கு நாலு ஓட்டை போட வேண்டும்; ரோட்டோரத்தில் கரண்டு ஏது? கையால் சுற்றினால் ஓட்டைக்குக் கால் மணி நேரம். கணக்கெல்லாம் போட்டு, வழியிலேயே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டுதான் போனான்.

போனால் அங்கே அவன் மச்சினன் கர்ணன் நிற்கிறான். ஒச்சாண்டியின் மனைவி மொக்கம்மாளுக்குத் தம்பி. நாலு வருசம் மஸ்கட்டில் ஒரு கார் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு வந்து, ஆடி முடிந்ததும் கூடலூரில் சொந்தப் பட்டறை போட்டிருந்தான். கூடலூர் பக்கம் என்பதால் முதலில் வந்துவிட்டான். அவன் கையில் துப்பாக்கி மாதிரி ஒரு சாமான். வால் இல்லை, அதாவது வயர் இல்லை. விசையை அமுக்கினான். ர்ர்ர் என்றது. நாலு ஓட்டையும் ஒரு பீடி பிடித்து முடிக்கிற நேரத்தில் முடிந்துவிட்டது. சுற்றி நின்றது இருபது பேர். கேரளாவுக்குப் போகிற பஸ் ஒன்று நின்று பார்த்துவிட்டுப் போனது. அதன் டிரைவர் இறங்கி வந்து, "எந்தா சாதனம்?" என்று கேட்டு, தொட்டுப் பார்த்து, தன் கையை முகர்ந்துகூடப் பார்த்தார்.

கர்ணன் நல்ல பையன். அதுதான் பெரிய இம்சை. "வாங்க மச்சான், நீங்களே வந்துட்டீகளா. கீலைச் சரியா வச்சிருக்கேனான்னு பாருங்க" என்றான் மரியாதையாக. ஒச்சாண்டி பார்த்தான். சரியாக இருந்தது. தப்பாக இருந்திருந்தால் அன்று நிம்மதியாகத் தூங்கியிருப்பான்.

திரும்பி வந்து பட்டறைப் பூட்டைத் திறப்பதற்குள் எதிர்த்த டீக்கடையில் சேதி இருந்தது. வயர் இல்லாத டிரில்லாமே, மஸ்கட்டாமே என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். உங்க மச்சினனாமே என்று வேறு, ஏதோ ஒச்சாண்டியைப் பாராட்டுகிற மாதிரி. அன்றைக்குக் குடித்த டீ நெஞ்சிலேயே நின்றது.

இதோடு போயிருந்தால் ஊர்ப் பொறாமையாகப் போயிருக்கும். வீட்டுக்குள் வந்ததுதான் வினை.

மொக்கம்மாள் எட்டு மாதமாக அடுப்படிச் சுவரில் ஒரு பலகை கேட்டுக்கொண்டிருந்தாள். மிளகாய்ப் பொடி, மல்லிப் பொடி, பருப்பு டப்பாக்கள் வைக்க நாலடிப் பலகை, அவ்வளவுதான். பலகையும் இரும்புத் தாங்கியும் வாங்கி வந்து மூலையில் சாத்தியாகிவிட்டது. ஆனால் ஓட்டை? அடுப்படியில் பிளக் பாயிண்டு கிடையாது. பட்டறையிலிருக்கிற கரண்டு டிரில்லைக் கொண்டுவந்து கூடத்திலிருந்து வயர் இழுக்க வேண்டும். ஒச்சாண்டி ஊர் ஜீப்பையெல்லாம் பிரித்துப் பூட்டிவிட்டு வருகிறவன். வீட்டில் சட்டைப் பொத்தானைக் கழற்றினாலே ஓவர்டைம் என்று நினைப்பான். ஒரு தடவை உளியும் சுத்தியலுமாக ஆரம்பித்தான். காரை பொலபொலவென்று கொட்டி, குழம்புச் சட்டியில் விழுந்தது. உளி வைத்தால் நான் அடுப்பு வைக்க மாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள்.

லோயர் கேம்ப் சேதி வந்த மறுநாள், சோறு போட்டுக்கொண்டே மொக்கம்மாள் சாதாரணமாகச் சொன்னாள்.

"ஆயுத பூசைக்கு மறுநாள் தம்பியச் சாப்பிட வரச் சொல்லியிருக்கேன். வரையில அந்த டிரில்லையும் எடுத்துட்டு வாடான்னேன். அஞ்சு நிமிசத்துல போட்டுருவானாம்ல."

ஒச்சாண்டி பிசைந்த சோற்றையே திரும்பப் பிசைந்தான். தன் வீட்டில், தன் அடுப்படியில், தன் பெண்டாட்டிக்கு, இன்னொருத்தன் ஓட்டை போடுவதா? அதுவும் ஐந்து நிமிடத்தில்? எட்டு மாதம் அவள் தன்னிடம் கேட்டதெல்லாம் அந்த ஐந்து நிமிடத்தில் கரைந்துவிடாதா? அதற்குப் பிறகு அந்தப் பலகையில் மிளகாய்ப் பொடி எடுக்கும்போதெல்லாம் அவளுக்கு யார் ஞாபகம் வரும்?

"அந்த ஓட்டைய நான்தான் போடுவேன்" என்றான்.

"எப்ப?"

அந்த ஒரு சொல்லுக்குப் பதில் தேடித்தான் ஆயுத பூசை அன்று காலை ஒச்சாண்டி தேனி பஸ் ஏறினான்.

தேனி பஜாரில் வைகுண்டராஜ் அண்ணாச்சியின் ஹார்டுவேர் கடையில் ஆணியிலிருந்து சங்கிலி வரை கல்லாவுக்கு முன்னால் இருக்கும். வெளிநாட்டுச் சாமான் கல்லாவுக்குப் பின்னால் இருக்கும். பூசைக்குக் கடை கழுவிக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று சின்னது, ஏழு புள்ளி இரண்டு வோல்ட், இரண்டு பேட்டரி. இன்னொன்று பெரியது; ஒன்பது புள்ளி ஆறு; பேட்டரி ஒன்றுதான். சார்ஜர் இரண்டுக்கும் உண்டு.

எந்த வேலைக்கு என்று கேட்டார். அடுப்படிப் பலகைக்கு என்று சொல்ல ஒச்சாண்டிக்கு வாய் வரவில்லை. ஜீப்புக்கும் வேணும், வீட்டுக்கும் வேணும் என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னான்.

அண்ணாச்சி பொறுமையாக எடுத்துச் சொன்னார். ரெண்டு வேலைக்கும் சேர்த்து என்றால் சின்னதுதான் நல்லது. ஜீப் டேஷ்போர்டுக்கு அடியில் படுத்துக்கொண்டு கையைத் தூக்கிப் பிடிக்கும்போது எடை தெரியும். ஒரு பேட்டரி தீர்ந்தால் இன்னொன்று சார்ஜரில் தயாராக இருக்கும், வேலை நிற்காது. பெரியதில் பலம் உண்டு; ஆனால் பேட்டரி தீர்ந்தால் மூணு மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். இரண்டையும் கையில் கொடுத்து, தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். சின்னது குருவி மாதிரி இருந்தது. பெரியது கோம்பை நாய்க்குட்டியைத் தூக்கிப் பிடித்த மாதிரி இருந்தது.

எல்லாம் ஒச்சாண்டிக்குப் புரிந்தது. பதினைந்து வருசத் தொழிலில் அவனே பத்துப் பேருக்கு இப்படி எடுத்துச் சொல்லக்கூடியவன்தான். ஆனால் கர்ணன் வைத்திருப்பது ஏழு புள்ளி இரண்டு. அதன் மேல் எழுதியிருந்ததை லோயர் கேம்ப்பில் ஒச்சாண்டி கண்ணாலேயே படித்திருந்தான்.

"பெருசைக் கட்டுங்கண்ணாச்சி" என்றான்.

அண்ணாச்சி ஒரு நிமிசம் அவன் முகத்தைப் பார்த்தார். இந்த மாதிரி முகங்கள் அவர் கடைக்குப் புதிதல்ல போலிருக்கிறது. டிரில் முனையில் மாட்டுகிற, சுவருக்கான பிட்டு ஒன்றையும் சேர்த்து வைத்து, முதலில் முழுசாகச் சார்ஜ் ஏற்றிவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லிக் கட்டிக் கொடுத்தார்.

சாயங்காலம் நாலு மணிக்கு ஒச்சாண்டி கம்பம் வந்து சேர்ந்தான். ஆறு மணிக்குப் பட்டறையில் பூசை. புதுச் சாமானைப் பூசைக்கு முன்னாலேயே கரண்டில் மாட்டுவதா? சாமிக்கு வைக்காமல் ஒரு ஸ்பானரைக்கூட அவன் தொழிலுக்கு எடுத்தது கிடையாது. முதலில் பூசை, பிறகு சார்ஜ் என்று முடிவு செய்தான். பூசையில் வைத்தால் மறுநாள் காலை சூடம் காட்டி எடுக்கிறவரை தொடக்கூடாது என்பது அவனுக்குத் தெரியாததல்ல. காலையில் எடுத்து மாட்டினாலும் மத்தியானத்துக்குள் ஏறிவிடும் என்று ஒரு கணக்கு.

பட்டறையைக் கழுவி, சாமான்களைப் பலகையில் வரிசையாக அடுக்கினார்கள். ஸ்பானருக்கு ஒரு பொட்டு, ஜாக்கிக்கு ஒரு பொட்டு, கை டிரில்லுக்கு ஒரு பொட்டு. புது டிரில்லுக்கு மட்டும் ஒச்சாண்டி சந்தனத்தைக் கை நிறைய எடுத்தான். பேட்டரி தனியாக இருந்ததால் அதற்கும் தனி மரியாதை செய்ய வேண்டியதாயிற்று. எங்கே வைப்பது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு முனையில் பித்தளையில் மூன்று கோடுகள் மின்னின. நெற்றியில் இழுத்த திருநீறு போலவே இருந்தது. சரி, இதுதான் முகம் என்று தீர்மானித்து, மூன்று கோட்டின் மேலும் சந்தனத்தைத் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தான். பூசைக்கு வந்தவர்கள் ஸ்பானரையும் பார்க்கவில்லை, சாமி படத்தையும் பார்க்கவில்லை, டிரில்லையே பார்த்தார்கள். ஒச்சாண்டி சூடத்தட்டை டிரில்லுக்கு மட்டும் இன்னொரு சுற்று சுற்றினான்.

மறுநாள் விடிந்ததும் சூடம் காட்டி, எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, கூடத்துப் பிளக்கில் சார்ஜரை மாட்டி, பேட்டரியைச் செருகினான். சிவப்பு விளக்கு எரிய வேண்டும் என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார். எரியவில்லை. தட்டினான். ஊதினான். பிளக்கைத் திருப்பி மாட்டினான். எட்டு மணி ஆனது, ஒன்பது ஆனது. அண்ணாச்சி ஏமாற்றிவிட்டார் என்று திட்டிக்கொண்டே பேட்டரியை உருவிப் பார்த்தபோதுதான், ராத்திரி முழுக்கக் காய்ந்து பாறையாகிப்போன சந்தனம் கண்ணில் பட்டது. கரண்டு உள்ளே போகிற வாசலே அந்த மூன்று பித்தளைக் கோடுகள்தான். வாசலைப் பூசி மெழுகி வைத்திருக்கிறான்.

மொக்கம்மாளின் கொண்டை ஊசியை வாங்கி, நெற்றியில் சுட்டி கட்டுகிற நிதானத்தோடு ஒவ்வொரு கோடாகச் சுரண்டினான். அவள் எதற்கு என்று கேட்கவில்லை. பத்தரை மணிக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. முழுசாக ஏற மூணு மணி நேரம். கர்ணன் வருவது பன்னிரண்டுக்கு.

பதினொன்றே முக்காலுக்கு வாசல் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது. இனிப் பொறுக்க முடியாது. அரைச் சார்ஜ் பேட்டரியைப் பிடுங்கி, டிரில்லில் மாட்டி, அடுப்படிக்குள் நுழைந்தான். மொக்கம்மாள் வடை எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு ஓரமாக ஒதுங்கி, எண்ணெய்ச் சட்டியைத் தட்டால் மூடினாள்.

முதல் ஓட்டை அற்புதமாக விழுந்தது. ஒன்பது புள்ளி ஆறு என்றால் சும்மாவா? ஒச்சாண்டி திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான். அவள் வடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது ஓட்டையில் பாதி தூரம் போனதும் சத்தம் ர்ர்ர் என்பதிலிருந்து ம்ம்ம் ஆகி, பிட்டு சுவருக்குள் மாட்டிக்கொண்டு நின்றுவிட்டது. இழுத்தான். வரவில்லை. டிரில்லைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, விடவும் முடியாமல் எடுக்கவும் முடியாமல், சுவரோடு சுவராக நின்றான்.

"என்ன மச்சான் செய்றீக?"

அடுப்படி வாசலில் கர்ணன். கையில் அவனுடைய டிரில் பெட்டி. சாமானில் படாமல், மூடியின் மேல் சின்னதாக ஒரே ஒரு பொட்டு. அந்தப் பொட்டைப் பார்த்ததும் ஒச்சாண்டிக்கு நாலு வருச மஸ்கட்டும் ஒரே நொடியில் புரிந்தது.

கர்ணன் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து, பெரிய டிரில்லைத் தொட்டுப் பார்த்து, நல்ல சாமான் என்றான். தன் பேட்டரி இதற்குச் சேருமா என்று பார்த்தான். அது அளவு வேறு, சேரவில்லை. பிறகு தன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றான். எடுத்துக் கொடுக்கவும் இல்லை, தானே போடுகிறேன் என்று சொல்லவும் இல்லை. மொக்கம்மாளும் அடுப்பைத் தணித்துவிட்டுச் சும்மா நின்றாள்.

ஒச்சாண்டிக்கு இரண்டு வழிதான் இருந்தது. இன்னும் மூணு மணி நேரம் பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டு, எல்லாரையும் பசியோடு காக்க வைத்து, பலகை வரும் என்று சொல்லிக்கொண்டிருப்பது. எட்டு மாதமாகச் சொன்ன அதே பேச்சு. இன்னொன்று, வாயைத் திறந்து கேட்பது. ஒச்சாண்டி டிரில்லை ஒரு கையால் தாங்கிக்கொண்டு மறு கையை நீட்டினான்.

"மாப்ள, ஒன் டிரில்லக் குடு."

கர்ணன் குனிந்து பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தான். அதோடு சரி, பலகையைத் தூக்கிச் சுவரில் வைத்துப் பிடிக்கத் தானாகவே வந்துவிட்டான்.

மாட்டிக்கொண்ட பிட்டைக் குறடு வைத்து உருவிவிட்டு, நாலில் மிச்சமிருந்த மூன்று ஓட்டையையும் ஒச்சாண்டி போட்டான். குருவி மாதிரித்தான் இருந்தது. அதிராமல், கனக்காமல், விரல் சொன்ன இடத்தில் போய் நின்றது. நன்றாக இருந்தது என்பதுதான் கொடுமை. ஓட்டைகளுக்குள் மரக்கட்டை அடித்து, தாங்கியை முடுக்கி, பலகையை ஏற்றியாயிற்று. மூன்று பேரும் தள்ளி நின்று பார்த்தார்கள். இடது பக்கம் இறங்கியிருந்தது. மொக்கம்மாள் ஒரு பருப்பு டப்பாவை வைத்தாள். அது மெதுவாக, மரியாதையாக, இடப்பக்கம் நகர்ந்தது.

"அக்கா, அரை இஞ்சு எறங்கியிருக்கு" என்றான் கர்ணன். "கழத்தி மாட்டிருவமா? அஞ்சு நிமிசம்."

ஒச்சாண்டி தரையில் கொட்டியிருந்த காரையைப் பொறுக்கத் தொடங்கினான்.

மொக்கம்மாள் வெந்தய டப்பாவுக்கு அடியிலிருந்த காலண்டர் அட்டையை எடுத்து, இரண்டாக மடித்து, பருப்பு டப்பாவுக்கு முட்டுக் கொடுத்தாள். அது நின்றது.

"வேணாம்" என்றாள். "அவுக போட்டது. அப்படியே இருக்கட்டும்."

அன்று ஒச்சாண்டி மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டான். முதல் வடை கர்ணன் இலைக்குத்தான் போனது. அதையும் அவன் கவனித்தான், ஆனால் எரியவில்லை, லேசாக அரித்தது, அவ்வளவுதான். சாப்பிட்டுக்கொண்டே இரண்டு பேரும் பேட்டரி பேச்சில் இறங்கினார்கள். ஜீப்புக்கு எது, வீட்டுக்கு எது என்று கர்ணன் கேட்க, அண்ணாச்சி சொன்னதையெல்லாம் ஒச்சாண்டி தன் சொந்தக் கருத்தாக எடுத்துச் சொன்னான். சின்னதுதான் நல்லதுன்னு தெரிஞ்சும் பெருசை ஏன் மச்சான் எடுத்தீக என்று கர்ணன் கேட்டபோது, மொக்கம்மாள் ரசம் ஊற்றிப் பேச்சை மாற்றினாள்.

நாலு மணி பஸ்ஸுக்குக் கர்ணன் கிளம்பினான். அவனுடைய டிரில்லைத் திருப்பிக் கொடுக்க ஒச்சாண்டிக்குக் கடைசிவரை மனசே வரவில்லை. பெட்டியில் வைத்து மூடினான். ஆனால் பெட்டியைக் கையிலிருந்து விடவில்லை. "நான் கொண்டாறேன், நீ சும்மா வா" என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தானே தூக்கிக்கொண்டு நடந்தான். வழியில் மூன்று பேர் பார்த்தார்கள். கடைத்தெரு வழியாகப் போயிருந்தால் பத்துப் பேராவது பார்த்திருப்பார்கள் என்பது திரும்பி வரும்போதுதான் அவனுக்குத் தோன்றியது.