பம்ப் அறைக்குப் பின்னால்

மூன்றாம் மாடி நர்ஸின் கைப்பையைப் பக்கத்துப் பூங்காவில் பறித்துக்கொண்டு எவனோ ஓடிய மறுநாளே, அந்தப் பூங்காவைத் திருத்தியே தீருவது என்று குடியிருப்பில் எல்லோரும் கங்கணம் கட்டிக்கொண்டார்கள். மாடிப்படியில் எதிரே வந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவர்கள், அன்றைக்கு ஒரே ஹாலில் தோளோடு தோள் உரச உட்கார்ந்தார்கள். பயம் வந்தால்தான் பக்கத்து வீட்டுக்காரருக்கு முகமே முளைக்கிறது. தலைமை யாருக்கு என்ற பேச்சே எழவில்லை. கை சுத்தமானவர், சொன்ன சொல் மாறாதவர், பிள்ளைகுட்டி இல்லாததால் நேரமும் இருக்கிறவர் என்று கீழ்வீட்டு எலக்ட்ரீஷியனைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள்.

பிள்ளைகுட்டி இல்லை என்பது பச்சைப் பொய். அவருக்குக் கல்லுக்குண்டு மாதிரி ஒரு பெண் இருக்கிறாள். லாரிப் பட்டறையில் வேலை செய்கிறவனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள் என்று அவர் அவளைத் தலைமுழுகிவிட்டார். ஊர்வாய்க்குப் பயந்து பழைய வீட்டைக் காலி செய்து இங்கே வந்த அன்று, “குழந்தைங்க?” என்று கேட்ட முதல் ஆளிடம் “இல்ல” என்றார். சொன்ன சொல் மாறாதவர் அல்லவா, அதையும் மாற்றவில்லை. பக்கத்தில் பாத்திர மூட்டையோடு நின்ற மனைவியும் அந்த நிமிஷமே பிள்ளை பெறாதவளாகிவிட்டாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் பரிதாபப்பட்டு அவளுக்கு ஆறுதல் சொன்னார்கள். அவளும் தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

அவள் வேலை பார்ப்பது நாத்தனாரின் பேக்கரியில். அங்கே கல்லாவில் நாத்தனார், வீட்டில் அவர். கைப்பேசியில் அவள் யாரிடம் பேசினாள் என்று தினமும் எடுத்துப் பார்ப்பார். ஒளிவுமறைவெல்லாம் கிடையாது, மீட்டரில் கணக்கெடுப்பது போல அவள் கண்ணெதிரிலேயே பார்ப்பார். இரண்டு பேருக்கும் நடுவே அவளுக்கென்று மிஞ்சியது வழியில் இருந்த அந்தப் பூங்காதான்.

பம்ப் அறைக்குப் பின்னால் ஆளுயரத்துக்குச் செடி மண்டிக் கிடந்தது. உள்ளே ஒரு பெஞ்சு. சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் மகளுக்கு வியாழக்கிழமை விடுமுறை. அன்றைக்கு வேலை முடிந்து வரும்போது, விற்காமல் நின்ற பன்னை மடியில் கட்டாத குறையாக எடுத்துக்கொண்டு இவள் புதருக்குள் நுழைவாள். மகள் சாப்பிடுவாள், இவள் பார்த்துக்கொண்டிருப்பாள். மகள் மாமியாரைப் பற்றி மூக்கால் அழுவாள், இவள் “கொஞ்சம் பொறுத்துக்கோடி” என்பாள். வேறு ஒன்றும் பெரிதாகப் பேச மாட்டார்கள். அதை வைத்துத்தான் வாரம் முழுக்க மூச்சு விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பெண்களையெல்லாம் பூங்காவுக்குள் நடக்கவிட்டார்கள். யாருக்கு எங்கே பயமாக இருக்கிறதோ அங்கே நின்று சொல்ல வேண்டும், எலக்ட்ரீஷியன் சாக்பீஸால் குறி போடுவார். நல்ல யோசனைதான், குறை சொல்ல முடியாது. நர்ஸ் நேரே பம்ப் அறைக்குப் பின்னால் போய் நின்றாள்.

“இங்கதாண்ணே. இந்தப் பக்கம் வந்தாலே நான் ஓட்டமா ஓடிடுவேன். உள்ள ஆள் உக்காந்திருந்தாலும் தெரியாது.”

“எனக்கு ஒண்ணும் பயமா இல்லயே” என்றாள் எலக்ட்ரீஷியனின் மனைவி. குரல் கொஞ்சம் தூக்கலாகவே வந்துவிட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“அக்காவுக்கு தைரியம் ஜாஸ்தி. எனக்கும் கொஞ்சம் குடுங்கக்கா” என்று நர்ஸ் சிரித்தாள்.

பை வார் அறுத்த காயம் அந்தப் பெண்ணின் மணிக்கட்டில் இன்னும் ஆறவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே எந்த வாயால் வேண்டாம் என்பது? “வெட்டிடலாம், அதான் நல்லது” என்றாள்.

மத்தியானத்துக்குள் புதர் போன இடம் தெரியவில்லை. ஆளுக்கொரு அரிவாள், மண்வெட்டி என்று கிளம்பி, மொட்டைத் தலை மாதிரி மழித்துப் போட்டார்கள். சாயங்காலங்களில் முறை வைத்து விசிலோடு ரவுண்ட்ஸ் சுற்றுவது என்றும் முடிவாயிற்று. பெஞ்சுக்கு நேர் மேலே விளக்கு மாட்ட அவர் ஏணியில் ஏறினார். “கெட்டியாப் பிடி” என்றார். பிடித்தாள். விட்டுவிட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதே அவளைப் பயமுறுத்த, இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மகளுக்குச் சொல்ல வழியில்லை. கடைக்கு வருகிற யாரிடமாவது போனை வாங்கலாம் என்று பார்த்தால், நாத்தனார் கல்லாவை விட்டு அசைவதாக இல்லை. வியாழக்கிழமை பார்த்து அடுப்பு வேலை இழுத்துக்கொண்டது. அவள் ஓட்டமும் நடையுமாகப் பூங்கா கேட்டை அடைந்தபோது, உள்ளே விசில் சத்தம் கேட்டது.

மகள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உரித்த வெங்காயம் போல் அந்த இடம் விளக்கு வெளிச்சத்தில் கிடந்தது. சுற்றிலும் ஆட்கள். விசிலோடு நர்ஸ், பக்கத்தில் மாடி வீட்டு மருந்துக்கடைக்காரர், முன்னால் எலக்ட்ரீஷியன்.

“ரொம்ப நேரமா இங்கயே சுத்திட்டு இருக்காண்ணே. யாரைப் பார்க்க வந்தேன்னு கேட்டா வாயே திறக்கல” என்றாள் நர்ஸ்.

“உங்களுக்குத் தெரிஞ்ச பொண்ணாண்ணே?” என்று மருந்துக்கடைக்காரர் அவரைக் கேட்டார்.

அவர் மகளைப் பார்த்தார். வீட்டை விட்டுப் போன பிறகு இன்றைக்குத்தான் பார்க்கிறார். உச்சியிலிருந்து கால்வரை பார்த்தார்.

“தெரியாது” என்றார்.

‘என் பொண்ணு’ என்ற சொல் இவளுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சொல்லிவிட்டால் இத்தனை பேர் முன்னால் அவர் மானம் கப்பலேறும். அதற்கப்புறம் கதவைச் சாத்திய வீட்டுக்குள் அவரோடு இருக்கப்போவது இவள்தானே? மகள் கூட்டத்துக்கு நடுவே அவளைக் கண்டுகொண்டாள். வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தாள்.

“அட்ரஸ் தேடி வந்தேன் சார். வழி தெரியாம உள்ள வந்துட்டேன். மன்னிச்சிடுங்க.”

பெற்ற அப்பனை சார் என்றாள்.

“பாவம், மிரண்டு போயிருக்கா” என்று நர்ஸ் இளகினாள். “அக்கா, நல்லவேளை வந்தீங்க. நீங்க கேட் வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டு வாங்களேன்.”

இப்படியாக அம்மாவும் மகளும் யாரோ எவரோ போல் எட்டி எட்டிப் பூங்காவின் முழு நீளத்தையும் நடந்தார்கள். எங்கே பார்த்தாலும் விளக்கு. முதுகுக்குப் பின்னால் அத்தனை பேரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“மெதுவா நட” என்றாள் அவள்.

“அழாதம்மா. பார்க்கறாங்க.”

“நான் அழல. பையில பன் இருக்கு. எப்படிடி குடுப்பேன்?”

“பரவால்லம்மா. இனிமே எங்க வர்றது?”

எத்தனை யோசித்தும் வீடு, பேக்கரி, பூங்கா என்று அதே மூன்று இடங்கள்தான் வந்தன. கேட் வந்துவிட்டது. “பார்த்துப் போம்மா” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள். மகள் தெருமுனை திரும்பும் வரை பார்க்கக்கூட முடியவில்லை. திரும்பி வந்துவிட்டாள்.

“பார்த்தீங்களா, நம்ம ஏற்பாடு எப்படி வேலை செய்யுதுன்னு?” என்று மருந்துக்கடைக்காரருக்கு ஒரே பூரிப்பு. எல்லோரும் எலக்ட்ரீஷியனின் கையைக் குலுக்கிவிட்டுக் கலைந்தார்கள்.

அவர்கள் இருவரும் வீட்டைப் பார்த்து நடந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“செருப்பு வார் அறுந்திருக்கு. ஊக்கு குத்திப் போட்டிருக்கா.”

அவள் நின்றுவிட்டாள். இத்தனை நாளாக விழுங்கி விழுங்கி வைத்திருந்ததெல்லாம் ஒரே வாக்கியமாக வந்தது.

“தெரியாத பொண்ணு எந்தச் செருப்பைப் போட்டா உங்களுக்கென்ன?”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மாடி பால்கனியிலிருந்து மருந்துக்கடைக்காரர், “அண்ணே, நாளைக்கு ரவுண்ட்ஸ் நான் போறேன்!” என்று கையை ஆட்டினார். அவரும் பதிலுக்கு நன்றாகச் சிரித்துக் கையை ஆட்டினார். மேலே கதவு சாத்துகிற சத்தம் கேட்ட பிறகும், தூக்கிய கையை இறக்காமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.