காஜோ தெருவுக்குப் போன சூப்

…இல்லை, பயமில்லை, பயமென்றால் வயிறு கனக்கும், இது கால் தரையில் பாவாத வேறு ஏதோ, நேற்று ஜெபக்கூட்டத்தில் பாஸ்டர் நெலு, காஜோ தெருவுக்கு யார் போவீர்கள் என்று கேட்டு முடிக்கும் முன்பே எழுந்து நின்றேனே, அப்போது பிடித்தது இன்னும் விடவில்லை, சூப் வாளியைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டும்போதும் காரணமில்லாமல் சிரிப்பு வருகிறது. ஜிப்சிகள் என்று ஊர் சொல்லும் எங்கள் ரோமா சபை காஜோக்களுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறது! ரோமா அல்லாத எல்லோரும் எங்களுக்குக் காஜோதான், பாலத்துக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் சேற்றுச் சந்தில் நாங்கள். இதுவரை எல்லாமே வெளியிலிருந்து இங்கேதான் வந்திருக்கிறது, ஜெர்மனியிலிருந்து வேன் வேனாகப் பழைய துணி, ஜோடியில்லாத ஷூ, கூடவே ஒரு பிரசங்கம், எல்லோரையும் நிற்கவைத்து ஒரு போட்டோ. யார் யார் வீட்டு ஆல்பங்களில் நான் மூக்கு ஒழுக நிற்கிறேனோ, யாராவது என்னைக் கேட்டார்களா? இன்று நான் கொடுக்கிறேன், க்ளூஜ் பட்டணம் போய் நர்சிங் படித்துச் சந்திலேயே முதல் பட்டம் வாங்கிய நான்சிகா… கொடுக்கிற கை மேலே இருக்கும், அந்த நினைப்பே ஒரு போதையாக இருக்கிறது, ஆண்டவரே, இது பாவமா?

பின்னால் சோஃபிகா அக்காவுக்கு மூச்சு வாங்குகிறது. சபையில் சமைப்பது அவள்தான், பீன்ஸ் சூப்பும் அவள் வைத்ததுதான். "மெதுவா நடடி நர்சம்மா, சூப்பு தளும்புது. ஆண்டவர் ஒன்னும் பஸ் ஏறிப் போயிட மாட்டாரு" என்கிறாள். எனக்கு நடக்க முடியவில்லை, ஓடத் தோன்றுகிறது. பிள்ளைகளெல்லாம் இத்தாலிக்குப் போய்விட்ட எத்தனையோ கிழ வீடுகள் இந்தத் தெருவில் இருக்க, ஔரேலியாவின் வீடுதான் வேண்டுமென்று அடம்பிடித்தது நான். பள்ளிக்கூடத்தில் பாலும் பன்னும் கொடுத்துக்கொண்டிருந்தவள். மற்ற பிள்ளைகளுக்குக் கையில் வைப்பாள், கடைசி பெஞ்சிலிருந்த எங்களுக்குத் தூக்கிப் போடுவாள், பிடித்தால் பன், தவறினால் தரை. இப்போது இடுப்பெலும்பு உடைந்து தனியாகக் கிடக்கிறாள். சத்துருவை நேசியுங்கள் என்றிருக்கிறதே, அவளிடமே அனுப்புங்கள் என்று சபையில் சொன்னேன், எல்லோரும் ஆமென் என்றார்கள், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்பு அழைப்புதானா, இல்லை அவள் கை நீட்டுவதைப் பார்க்கவேண்டும் என்ற வெறியா? இரண்டும் ஒரே வாளியில் இருந்தால் பிரித்தெடுப்பது எப்படி? பிரிக்க முடியாமல் போனால் நேற்று நான் எழுந்து நின்றது நாடகம்… பட்டணத்து ஆஸ்பத்திரி வேலையைத் தள்ளிப்போட்டு இங்கே ஊழியத்துக்கு நிற்கிறேன் என்று சொன்னதும் நாடகம்.

அவள் வீட்டு வாசலில் நாய் குரைத்தது. வாக்கரை உந்திக்கொண்டு வந்த ஔரேலியா எங்கள் நீளப் பாவாடைகளையும் முக்காட்டையும் பார்த்துவிட்டு, எதையாவது விற்க வந்திருந்தால் வேண்டாம் என்றாள். சோஃபிகா அக்கா அசரவில்லை. "விக்க வரலீங்கம்மா, சும்மா தர வந்தோம். உங்களுக்கு இது புதுசு, எங்களுக்கும் புதுசுதான்." கிழவி சிரித்துவிட்டாள்! பல்லில்லாத சிரிப்பு, வாசல் கேட்டும் திறந்தது, அவ்வளவுதானா, இவ்வளவு சுலபமா, நான் போருக்கல்லவா வந்திருந்தேன். சமையலறையில் உட்கார்ந்து குடித்தாள், கை நடுங்கிற்று, சூப் முகவாயில் வழிந்தது, நினைப்பதற்குள் என் கை துண்டை எடுத்துத் துடைத்துவிட்டது, அந்த நிமிடம் எனக்குள் எந்த வெறியும் இல்லை, தேடிப் பார்த்தேன், இல்லை, அழவேண்டும்போல அத்தனை சந்தோஷம். இயேசு எங்களை அனுப்பினார் என்றேன், குரல் உடைந்தது. அவள் நிமிர்ந்து, "நான் ஞானஸ்நானம் வாங்கி எம்பது வருஷமாச்சு, எனக்கே சொல்றியா?" என்றாள். பிறகு, "எங்க பாதிரியாரும் வருஷத்துக்கு ஒரு தடவ வருவாரு. வெறுங்கையோட வந்து நிறைஞ்ச கையோட போவாரு." சோஃபிகா அக்கா குலுங்கிச் சிரித்தாள்.

கிளம்பினோம், விடவில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் இனிப்புத் தொடாமல் போகக்கூடாதாம், புளிப்புச் செர்ரி ஜாம் ஒரு கரண்டி, ஒரு கிளாஸ் தண்ணீர். பாத்திரம் கழுவும் தொட்டியில் பிளாஸ்டிக் பேசின் இருந்தது. அதில் ஊறிக்கொண்டிருந்த காலுறைகளை எடுத்துப் பிழிந்து ஓரமாக வைத்தாள், பேசினை ஒரு அலசு அலசினாள், அதிலேயே கிளாசைக் கழுவினாள், கரண்டியையும். எங்கள் சந்தில் கூரையில்லாத வீட்டிலும் இரண்டு பேசின் உண்டு, துணிக்கு ஒன்று, பாத்திரத்துக்கு ஒன்று, கால் பட்ட துணி ஊறிய பேசினில் ஒரு பாத்திரம் பட்டால் அது புதிதானாலும் உடைத்து எறிவோம், அழுக்குக்காக அல்ல, தீட்டு. சோஃபிகா அக்காவின் கைகள் அதற்குள் பாவாடை மடிப்புக்குள் போய்விட்டன, எனக்குச் சர்க்கரைங்கம்மா என்றாள், போன ஞாயிறு அரை கேக் தின்றவள். கிருமி, சோப்பு, எல்லாம் படித்திருக்கிறேன், அந்தக் கிளாஸில் ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? கொடுப்பதற்கு எத்தனை வாக்கியம் தயார் செய்தேன், எவ்வளவு ஜெபித்தேன், வாங்குவதற்கு ஒரு வார்த்தைகூட எடுத்து வரவில்லையே… "குடி பொண்ணு, கிணத்துத் தண்ணி" என்று கிழவி கிளாசை நீட்டிக்கொண்டே நிற்கிறாள், தண்ணீர் விளிம்பில் சிந்துகிறது, நெஞ்சு இன்னும் படபடக்கிறது, நேற்று எழுந்து நின்றபோது பிடித்த அதே படபடப்புதான், கையை நீட்டி வாங்கிவிட்டேன், கை வாங்கிவிட்டது, உதடுதான் திறக்கமாட்டேன் என்கிறது…