கவாசே லைனின் சிவப்புப் பட்டித் தொப்பி

குகதாசனுக்குச் சிவப்புப் பட்டித் தொப்பியைக் கொடுக்கப்போகிறார்கள் என்று கேட்டதும் எனக்கு வயிறு பற்றி எரிந்தது. மறைக்க என்ன இருக்கிறது? இலங்கை ரெயில்வேயில் பத்தொன்பது வருஷம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவன் நான். அதே ஸ்டேஷனில் எனக்குக் கீழே டிக்கெட் விற்ற கிளாக்கர் அவன்.

இருவரும் வெள்ளைக்காரர் நாட்டுக்குக் குடிபெயர்ந்த பிறகு, வால்தம்ஸ்டோ என்ற ஊரில் ஒரு தேவாலய மண்டபத்தில் மாதிரி ரெயில் சங்கம் ஒன்று இருந்தது. வெள்ளைக்காரர்களோடு நாங்கள் இருவர். 1992-இல் சங்கம் ஜப்பானின் கவாசே லைன் என்ற ரெயில் பாதையைச் சிறு மாதிரியாக மேசைமேல் கட்டி முடித்தது. மலையிலிருந்து மரம் இறக்கப் போட்ட ஒற்றைப் பாதை அது. நட்டம் என்று அரசாங்க ரெயில்வே கைகழுவியபின் ஊர்ச்சபையும் மாகாணமும் கூட்டுச் சேர்ந்து கம்பனி தொடங்கி, 1987 முதல் ஒற்றைப் பெட்டி டீசல் வண்டியை ஓட்டிவந்தன. இதையெல்லாம் குகதாசன் அந்தக் கம்பனிக்கே கடிதம் எழுதிக் கேட்டு அறிந்தான். அவர்கள் மகிழ்ந்துபோய் சிவப்புப் பட்டி போட்ட ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பி ஒன்றையும் சங்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். கண்காட்சியில் அதைப் போட்டுக்கொண்டு நடு ஸ்டேஷனை நடத்தப்போவது அவன். எனக்குக் கடைசி ஸ்டேஷன், அதாவது மேசையின் மூலை.

"குரங்கின்ர கையில பூமாலை," என்று மனைவி கமலாம்பிகையிடம் பொரிந்தேன்.

"உங்களைக் கடிதம் எழுத வேண்டாமெண்டு ஆர் மறிச்சது?" என்றாள் அவள்.

ஒற்றைப் பாதைக்கு ஒரு சட்டம் உண்டு. இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே ஓட ஒரு பித்தளை வில்லை. அது டிரைவர் கையில் இல்லாமல் வண்டி நகரக் கூடாது; ஒன்றே ஒன்று இருப்பதால் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்து மோதாது. எங்கள் ஊரிலும் இதே முறைதான். சங்கத்தார் அந்த வில்லையையும் விடாமல் செய்துவைத்திருந்தார்கள்.

கண்காட்சியன்று மண்டபம் நிறைந்திருந்தது. குகதாசன் தொப்பியோடு கலியாண மாப்பிள்ளை போல நின்றான். அவன் தேத்தண்ணி எடுக்கப் போன நேரம், மேசையிலிருந்த வில்லையை எடுத்து என் கோட்டுப் பைக்குள் போட்டேன். டிக்கெட் விற்றவனுக்கு வில்லையின் அருமை என்ன தெரியும்? அது இல்லாமலே வண்டியை விடுவான், சட்டம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள் என்று நினைத்தேன்.

அவன் விடவில்லை. கைகாட்டியைச் சிவப்பில் வைத்துவிட்டு மேசைக்கு அடியெல்லாம் தேடினான். பத்து நிமிடம் போனது, இருபதும் போனது. பிள்ளைகள் சிணுங்கத் தொடங்கினார்கள். சங்கச் செயலாளர் வந்து, விளையாட்டு வண்டிதானே, விட்டுவிடுங்கள் என்றார். குகதாசன் தலையாட்டி மறுத்தான். எங்கள் மாஸ்டர் வில்லைக்காக மெயில் வண்டியையே அரை மணிநேரம் மறித்து வைத்தவர், அவர் கண்முன்னே அந்தப் பிழையைச் செய்யமாட்டேன் என்று ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னான். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

அவன் என்னிடம் வந்தான். தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்தான்.

"வில்லை துலைஞ்சால் ஸ்டேஷன் மாஸ்டர் கையெழுத்து வைச்சுத்தானே வண்டி விடேலும்? நான் கிளாக்கர், எனக்கு ஏலாது. நீங்கள் வையுங்கோ மாஸ்டர்."

ஒரு தாளை நீட்டினான். 'வில்லை தொலைந்துவிட்டது' என்று அழகாக எழுதியிருந்தான். ஆசைப்பட்ட தொப்பி என் தலையில் இருந்தது, பேனா கையில் இருந்தது. பத்தொன்பது வருஷத்தில் ரெயில்வேத் தாள் எதிலும் நான் பொய்க்குக் கையெழுத்து வைத்ததில்லை.

பைக்குள் கைவிட்டு வில்லையை எடுத்துத் தாளின்மேல் வைத்தேன். தொப்பியைக் கழற்றி அவனிடம் கொடுத்தேன். வெட்கத்தில் காது சுட்டது.

குகதாசன் வில்லையைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். கைகாட்டியை இறக்கி வண்டியை விட்டான். பிறகு பதிவுப் புத்தகத்தைத் திறந்து பேனாவோடு காத்திருந்தான்.

"முப்பத்திரண்டு நிமிசம் பிந்திப் போகுது. காரணம் எழுதோணும் மாஸ்டர். என்ன எழுத?"

"ஸ்டேஷன் மாஸ்டரின்ர எரிச்சல் எண்டு எழுதும்," என்றேன்.